நேராக நின்ற நாலு திருகாணி

பூட்டு பூட்டியபடியே தொங்கியது. பெட்டியை மட்டும் காணவில்லை.

"உடைச்சிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்மா," என்றார் தையல் கடை மாஸ்டரம்மா. "நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு என் கையால பூட்டினேன். காலைல ஒன்பது மணிக்கு என் கையாலதான் திறந்தேன். சாவி என் கழுத்துச் சங்கிலியை விட்டு இறங்கவே இல்லை. உள்ள போய்ப் பார்த்தா அலமாரி காலி!"

"சாவிய ஊக்கு போட்டு வேற குத்தி வச்சிருக்கீங்களே," என்றாள் வாயாடி, அவர் கழுத்தை எட்டிப் பார்த்து. "மாஸ்டரம்மா, உங்க சாவியத் திருடறதை விட உங்களையே தூக்கிட்டுப் போறது சுலபம்."

அந்த நிலையிலும் மாஸ்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயாடிக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. துப்பறியும் ஆபீசில் சேர்ந்த முதல் நாளே, அதை நடத்தும் சர்வேயரம்மா வைத்த பெயர் அது. சர்வேயரம்மாவோ நேர் எதிர். இன்சூரன்ஸ் கம்பெனியில் சர்வேயராகப் பதினைந்து வருடம், எரிந்த குடோன்களையும் நொறுங்கிய லாரிகளையும் பார்த்துப் பார்த்துப் பேச்சைக் குறைத்துக்கொண்டவர். வேலையை விட்ட பிறகும் பட்டம் மட்டும் அவரை விடவில்லை.

அவர் இப்போது பூட்டைப் பார்க்கவில்லை. கதவின் நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்குப் பின்னால், பொது நடைபாதையைப் பார்த்த அறை அது. பச்சைப் பெயின்ட் அடித்த கதவு. கதவில் கொண்டி, நிலையில் நாதாங்கி, இரண்டையும் சேர்த்துப் பிடித்தபடி ஒரு கனமான பூட்டு.

"பெட்டியில என்ன இருந்துச்சு?"

"நோயாளிங்க போடுற அங்கி. ஒண்ணே ஒண்ணு. அதோட காகிதக் கட்டிங் எல்லாம்." மாஸ்டரம்மா தன் தோளைத் தொட்டுக் காட்டினார். "இங்க பட்டன் கிடையாது, நாடா கிடையாது. தட்டையா ஒரு கொக்கி. கட்டை விரலால தள்ளினா தாழ்ப்பாள் மாதிரி சறுக்கிப் போய் வளையத்துல விழும். ஒரு கையே போதும்."

அது ஏன் ஒரு கை என்பது வாயாடிக்குத் தெரியும். மாஸ்டரம்மாவின் கணவருக்கு இரண்டு வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. சட்டைப் பட்டனைப் பிறர் போட்டுவிட நேரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இந்தக் கொக்கியை முதன்முறை அவரே மாட்டிக்கொண்ட அன்று, "இன்னொரு தடவை கழட்டி மாட்டட்டுமா?" என்று குழந்தை மாதிரி கேட்டாராம். தன் கல்யாணத் துணிக்கு அளவு கொடுக்க வந்தபோது இந்தக் கதையை வாயாடி கேட்டு, மாஸ்டரம்மா பின்னறை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டிய அங்கியைத் தொட்டுப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

"இன்னிக்கு நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில மாதிரி குடுக்கணும். அது இல்லேன்னா ஆர்டர் இல்ல. ஆர்டர் இல்லேன்னா இந்தக் கடையில பன்னெண்டு பொம்பளைங்களுக்கு அடுத்த மாசம் வேலை இல்ல. போலீசுக்குப் போனா புகார் எழுதி முடிக்கவே நாலாயிடும்."

சர்வேயரம்மா போனை எடுத்து நாதாங்கிக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"செல்ஃபியா பாஸ்? பின்னணி சுமாரா இருக்கே."

"சிக்னல் இல்ல," என்று சொல்லிப் போனை உள்ளே வைத்தார். பிறகு விரலால் நாதாங்கியின் பட்டையைத் தொட்டார். "ரொம்ப நல்ல பூட்டு. அதனாலதான் திருடன் அதுகிட்ட வம்பே வச்சுக்கல. இந்தப் பட்டையை நிலையில பிடிச்சிருக்கிறது நாலு ஸ்க்ரூ. நாலையும் கழட்டினா நாதாங்கி பூட்டோட சேர்ந்து கையில வந்துடும், கதவு திறந்துக்கும். வேலை முடிஞ்சதும் திரும்ப முடுக்கிட்டுப் போயிட்டான். பாரு, ஸ்க்ரூ தலையில பெயின்ட் சுரண்டியிருக்கு."

"அட! வாட்ச்மேன் முழிச்சிருக்கும்போதே நாற்காலியோட சேர்த்து அவரை நகர்த்தி வச்சிட்டுப் போன மாதிரி..." என்று ஆரம்பித்த வாயாடி, குனிந்து பார்த்தாள்.

வாக்கியம் பாதியில் நின்றது.

கதவின் மேல் இருந்த பழைய திருகாணிகளின் தலை வெட்டுகள் ஆளுக்கொரு திசையில் கிடந்தன. ஒன்று படுத்து, ஒன்று சாய்ந்து. யாரோ அவசரத்தில் முடுக்கியவை. ஆனால் நாதாங்கியில் இருந்த நான்கும் அப்படி இல்லை. நான்கு வெட்டுகளும் மேலிருந்து கீழாக, நூல் பிடித்தது போல, ஒரே நேர்கோட்டில் நின்றன.

அதே நேரம் கடைக்குள்ளிருந்து கூச்சல் கேட்டது. சர்வேயரம்மாவும் மாஸ்டரம்மாவும் உள்ளே விரைந்தார்கள். வாயாடி மட்டும் நாதாங்கி முன்னாலேயே நின்றாள்.

மூன்று மாதத்துக்கு முன்பு அவள் வீட்டு வாசல் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் மாட்டியது அவளுக்கு நிச்சயம் செய்த மாப்பிள்ளைதான். பூட்டு, தாழ்ப்பாள், கீல் மாட்டுவதுதான் அவன் தொழில். சட்டைப்பையில் எப்போதும் ஒரு திருப்புளி இருக்கும் என்பதால் போனில்கூட அவன் பெயரைத் 'திருப்புளி' என்றுதான் போட்டு வைத்திருந்தாள். அன்று மாட்டி முடித்த பிறகும் அவன் ஒவ்வொரு திருகாணியாகக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருத்திக்கொண்டே இருந்தான்.

"முடுக்கியாச்சுல்ல, இன்னும் என்ன?" என்று கேட்டாள்.

"வெட்டெல்லாம் நேரா நிக்கணும்டி. அப்பத்தான் எது தளர்ந்தாலும் பார்த்ததும் தெரியும். கோணலா விட்டுட்டுப் போக என் கை கேக்காது."

கேட்கவில்லைதான். திருடின இடத்திலும் கேட்கவில்லை.

நிலைக்குக் கீழே தரையில் வெள்ளையாக ஏதோ உதிர்ந்திருந்தது. தொட்டு முகர்ந்தாள். ரோஜா வாசனை சோப்பு. திருகாணி மரத்துக்குள் வழுக்கிக்கொண்டு இறங்க அதைச் சோப்பில் தேய்ப்பது அவன் வழக்கம். அன்று குளியலறைச் சோப்பில் வரி வரியாகத் திருகாணி மரையின் தடம் விழுந்திருந்ததைப் பார்த்து, "சோப்பு மேல யாரு டிராக்டர் ஓட்டினது?" என்று அம்மா கத்தினாள். மாப்பிள்ளை என்று தெரிந்ததும், "நல்ல வேலைக்காரப் பையன்," என்று குரலை மாற்றிக்கொண்டாள்.

வாயாடியின் கை தானாகவே பைக்குள் போய் ஒரு நாணயத்தை எடுத்தது. மேல் திருகாணியின் வெட்டில் வைத்துக் கால் சுற்று திருகினாள். அடுத்ததையும் திருகினாள். மூன்றாவதற்குப் போவதற்குள் உள்ளேயிருந்து, "வாயாடி!" என்று குரல் வந்தது.

கடைக்குள் பன்னிரண்டு தையல் மெஷின்களும் நின்றுபோயிருந்தன. நடுமேஜையில் காஜாக்காவின் பை கவிழ்ந்து கிடந்தது. பட்டனுக்குக் காஜா எடுப்பதில் அந்தக் கடையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. சாப்பாட்டு டப்பா, கண்ணாடிக் கூடு, மாற்றுச் செருப்பு ஒரு ஜோடி, எல்லார் கண்ணுக்கு முன்னாலும் பரப்பப்பட்டிருந்தன. அவற்றோடு ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர்.

"பெட்டி எந்தத் தட்டுல இருக்குன்னு கடையில எனக்கும் உனக்கும்தானே தெரியும்?" மாஸ்டரம்மா அந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் காட்டினார். "இதை வச்சுக் கழட்டினியா?"

"அது மெஷின் ஊசி மாத்தறதும்மா," என்றார் காஜாக்கா. அழவில்லை. "பதினோரு வருஷமா அந்தப் பையில அதுதான் இருக்கு. உங்களுக்கே தெரியும்."

வாயாடியின் தொண்டைக்குள் ஒரே ஒரு வார்த்தை இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் போதும். வாழ்நாளில் முதன்முறையாக அவள் வாய்க்குத் தாழ்ப்பாள் விழுந்திருந்தது.

"நாலு மணி வரைக்கும் யாரும் யாரையும் எதுவும் சொல்ல வேண்டாம்," என்றார் சர்வேயரம்மா. பிறகு வாயாடி பக்கம் திரும்பி உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதில், நிலைக்குக் கீழே பொறுக்கிய வெள்ளைத் துகள்கள். "ரோஸ் சோப்பு. இது தாழ்ப்பாள் மாட்டறவங்க பழக்கம். உனக்கு அந்தத் தொழில்ல யாரையாவது தெரியுமா?"

"ஒருத்தரைத் தெரியும், பாஸ்."

"போய் விசாரிச்சிட்டு வா. தனியாவே போ."

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வாயாடியைத் தனியாக எங்கும் அனுப்பாத சர்வேயரம்மா இன்றைக்கு அனுப்பியிருக்கிறார். அதைப் பற்றி யோசிக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

திருப்புளியின் பட்டறையில் சுவர் முழுக்கக் கீல்களும் கொக்கிகளும் அளவு வாரியாகத் தொங்கின. அவன் ஒரு கதவைப் படுக்கப்போட்டு இழைத்துக்கொண்டிருந்தான். பின்னாலிருந்த அறையில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவனுடைய அக்கா. வாயாடிக்கு நாத்தனாராகப் போகிறவர்.

"என்னடி, இந்நேரத்துக்கு? சாப்பிட்டியா?"

அவள் பின்னறையின் திரைச்சீலையை விலக்கினாள். அக்காவின் மடியில் மாஸ்டரம்மாவின் அங்கி. தோள் பக்கம் பிரிக்கப்பட்டு, கொக்கி தனியாகக் கிடந்தது. பக்கத்தில் புதுத் துணியில் அதே வெட்டு, அதே தோள். அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு நாள் கடனா எடுத்தேன்," என்றான் திருப்புளி பின்னாலிருந்து. "நாளைக்கே திரும்ப வச்சிடுவேன். இன்னிக்கு அதே ஆஸ்பத்திரியில அக்காவும் மாதிரி குடுக்கப் போறா. அக்கா எட்டு மாசமா ஆர்டர் இல்லாம உக்காந்திருக்கா. எனக்கு அம்மா மாதிரிடி அவ. உனக்கே தெரியும்."

"பெட்டி எந்தத் தட்டுல இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீதானே சொன்ன?"

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். வாயாடிக்குப் பூங்கா பெஞ்சு ஞாபகம் வந்தது. அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு மாஸ்டரம்மாவின் கதையைச் சொன்ன அந்த மாலை. அவன் ஒவ்வொரு நிறுத்தத்திலும், "அப்புறம்?" என்றான். "அறை எந்தப் பக்கம்? அப்புறம்? பூட்டுதானா, தாழ்ப்பாளும் உண்டா? அப்புறம்?" தான் பேசுவதை இத்தனை ஆசையாக உலகத்தில் யாரும் கேட்டதில்லை என்று அன்று அவள் நினைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் அதைச் சொன்னாள்.

"ஸ்க்ரூவை நேரா வச்சிட்டு வந்திருக்க," என்றாள் மெல்ல.

அவன் முகம் வெளுத்தது. "வேற யாராவது பார்த்தாங்களா?"

"ரெண்டைத் திருகிக் கலைச்சிட்டேன்."

அவன் பெரிதாக மூச்சு விட்டான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பிறகு எப்போதும் மறக்க முடியவில்லை. "எனக்குத் தெரியும்டி. மாஸ்டரம்மா உங்க ஆபீசுக்குத்தான் ஓடி வருவாங்க, எது வந்தாலும் நீ பார்த்துக்குவ. அந்த தைரியத்துலதானே இறங்கினேன்."

"காஜாக்காவோட பையைக் கொட்டிப் பார்த்தாங்க."

"ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க."

வாயாடி அக்காவின் மடியிலிருந்து அங்கியையும் கொக்கியையும் எடுத்தாள். காகிதக் கட்டிங்கை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அக்கா தடுக்கவில்லை. திருப்புளிதான் வழியில் வந்து நின்றான்.

"சரி, கொண்டுபோ. அக்காவுதை முடிக்கிற அளவுக்குப் பார்த்தாச்சு. ஆனா எங்கிருந்து கிடைச்சதுன்னு கேப்பாங்களே? உண்மையைச் சொன்னா, ஸ்க்ரூவைக் கலைச்சது யாருன்னும் சேர்த்துச் சொல்லணும். உன் வேலையும் போகும், கல்யாணமும் போகும்." குரலைத் தணித்தான். "நீ புத்திசாலி. நடைபாதையில கிடந்துச்சுன்னு ஏதாவது சொல்லு. உனக்கா கதை சொல்லத் தெரியாது?"

அவள் விரலிலிருந்த நிச்சய மோதிரத்தைக் கழற்றப் பார்த்தாள். வெயிலில் விரல் வீங்கி அது வரவில்லை. அப்படியே பெட்டியை அணைத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

திரும்பி வரும் வழியில் மூன்று அருமையான பொய்கள் தயாராயின. படிக்கட்டின் அடியில் கிடந்தது. பயந்துபோன திருடன் போட்டுவிட்டு ஓடியிருப்பான். பழைய சாமான் எடுப்பவர் கொண்டுவந்து தந்தார். ஒவ்வொன்றையும் உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் நன்றாகவே பூட்டிக்கொண்டன. ஆனால் மூன்றிலுமே திருடன் யாரென்று தெரியாது. தெரியாத வரை அந்த ஸ்க்ரூ டிரைவர் காஜாக்காவின் பையிலேயே இருக்கும்.

அவள் கடைக்குள் நுழைந்தபோது மணி இரண்டு. காஜாக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். மேஜைமேல் பெட்டியைப் பார்த்ததும் மாஸ்டரம்மா ஓடி வந்து வாயாடியைக் கட்டிக்கொண்டார்.

"என் தங்கமே! எங்கடி கிடைச்சது?"

வாயாடி அவர் கையை மெதுவாக விலக்கினாள். பின்பக்க நடைபாதைக்குப் போனாள். சர்வேயரம்மா, மாஸ்டரம்மா, காஜாக்கா மூவரும் பின்னாலேயே வந்தார்கள். அவள் நாதாங்கி முன் மண்டியிட்டு, நாணயத்தை எடுத்து, வெட்டு படுத்திருந்த ஒரு திருகாணியைக் கால் சுற்று திருப்பினாள். பிறகு அடுத்தது. நான்கு வெட்டுகளும் மீண்டும் நேராக நின்றன.

"காலைல இப்படித்தான் இருந்துச்சு பாஸ். நான்தான் கலைச்சேன். இப்படி நேரா வைக்கிற கை ஒண்ணே ஒண்ணுதான் எனக்குத் தெரியும். அடுத்த மாசம் அது என் கையைப் பிடிக்கிறதா இருந்துச்சு."

சர்வேயரம்மா தன் போனைத் திறந்து நீட்டினார். படத்தில் நாதாங்கி. நேராக நின்ற நாலு திருகாணி. நேரம், பத்து பதினைந்து.

"சிக்னல் இல்லேன்னு சொன்னீங்களே!"

"பொய் சொன்னேன்." அவர் குரல் எப்போதும் போல வறண்டிருந்தது. கண்கள் மட்டும் இல்லை. "உங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தப்போ வாசல் தாழ்ப்பாளைப் பார்த்திருக்கேன். நான் சொல்லி நீ தெரிஞ்சுக்கறதை விட, நீயா வந்து சொல்லணும்னு காத்துட்டு இருந்தேன். நாலு மணிக்கு மேல காத்திருந்திருக்க மாட்டேன்."

வாயாடி காஜாக்காவிடம் திரும்பினாள். "அக்கா, பையைக் கொட்டினப்போ எனக்குத் தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரிஞ்சுதுடி," என்றார் காஜாக்கா. "எப்பவும் மூடாத வாய் மூடியிருந்துச்சே." பிறகு மாஸ்டரம்மாவைப் பார்த்தார். "பதினோரு வருஷம்மா," என்று மட்டும் சொன்னார்.

மாஸ்டரம்மா கடைக்குள் திரும்பிப் போய்ப் பெட்டியைத் திறந்தார். அங்கியை எடுத்து விரித்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தோளைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். கொக்கியைப் பழையபடி தைக்க நுணுக்கமான கை வேண்டும். அந்தக் கடையில் அப்படிப்பட்ட கை காஜாக்காவுடையதுதான்.

காஜாக்கா கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அங்கியைப் பார்த்தார். கடைசியில் பையை இறக்கி வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேஜை முன் உட்கார்ந்தார்.

"இது உங்களுக்காக இல்லம்மா. ஐயா கழட்டி மாட்டிக் காட்டினாரே, அதுக்காக. வாயாடி, ஊசியில நூலைக் கோத்துக் குடு."

ஊசியை வாங்கும்போதுதான் வாயாடியின் போன் அடித்தது. திரையில் 'திருப்புளி'.

"எடு," என்றார் சர்வேயரம்மா. "ஸ்பீக்கர்ல போடு."

"சொல்லிட்டியா?" அவன் குரல் உற்சாகமாக வந்தது. "எந்தக் கதையைச் சொன்ன? இங்க பாரு, சந்தேகம் வந்தா அந்தக் காஜாக்காரி மேலயே விட்டுடு. அவகிட்ட ஸ்க்ரூ டிரைவர் இருக்குன்னு நீதானே அன்னிக்குச் சொன்ன? பழி அவ மேல விழும்னுதானே நான் பூட்டை விட்டுட்டு ஸ்க்ரூவைக் கழட்டினேன்!"

மெஷின்களுக்கு நடுவே பன்னிரண்டு பெண்களும் அசையாமல் நின்றார்கள். அதையும் வாயாடிதான் அவனிடம் சொல்லியிருந்தாள். சிரிக்கச் சிரிக்க, அவன் 'அப்புறம்?' என்று கேட்கக் கேட்க. வாயாடி கண்ணை மூடித் திறந்தாள். காலையிலிருந்து காணாமல் போயிருந்த அவள் குரல் திரும்பி வந்தது.

"அப்புறம்?" என்றாள்.

"என்ன அப்புறம்?"

"நிறுத்தாம சொல்லு. இங்க பதினஞ்சு பேர் ஆசையா கேட்டுட்டு இருக்கோம்."

அந்தப் பக்கம் இணைப்பு துண்டிக்கப்பட்டது. சர்வேயரம்மா மாஸ்டரம்மாவிடம், "ஆஸ்பத்திரிக்கு நானும் வரேன். எந்த மாதிரி அசலுன்னு அங்க ஒருத்தர் சொல்லணும்ல," என்று கைப்பையை எடுத்துக்கொண்டார்.

"கோத்தாச்சா?" என்றார் காஜாக்கா, தலையை நிமிர்த்தாமல்.

ஊசிக் கண் வாயாடிக்குக் கலங்கலாகத் தெரிந்தது. இரண்டு முறை நூல் தவறியது. மூன்றாவது முறை நுழைந்தது.

"கோத்தாச்சுக்கா."